"ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்றால் நம்பிவிடலாமா? கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்



நமது டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களோடு சில நேரம் ஒரு விளம்பரத் தாளோ, வாட்ஸ்அப்பில் வந்த செய்தியின் நகலோ இணைக்கப்பட்டிருக்கும். "வெளிநாட்டு ஆய்வில் நிரூபிக்கப்பட்டது", "ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது" என்று அதில் பெரிய எழுத்தில் இருக்கும். இதை நம்பித்தான் சிலர் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குப் பொடி வாங்குகிறார்கள். நகையை அடகு வைத்து, தேவையே இல்லாத சிகிச்சைக்குப் போகிறவர்களும் உண்டு. பணம் போவது ஒரு நஷ்டம். சரியான சிகிச்சை எடுக்க வேண்டிய காலம் கைநழுவிப் போவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

ஆய்வு என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டுவதும் தவறு. "ஆய்வெல்லாம் கம்பெனிக்காரன் வேலை" என்று ஒரேயடியாகத் தள்ளுவதும் தவறு. நல்ல ஆய்வும் உண்டு, கோணலான ஆய்வும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய உலகெங்கும் மருத்துவ அறிஞர்கள் கையாளும் முறை ஒன்று இருக்கிறது. அதைச் சாதாரணக் குடும்பங்களும் புரிந்துகொள்ள முடியும் என்பதால் இந்தக் கட்டுரை.

சாய்வு என்றால் என்ன?

மளிகைக் கடைத் தராசின் தட்டுக்கு அடியில் கொஞ்சம் புளி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தராசில் ஒரு முறை நிறுத்தாலும் தப்பு, நூறு முறை நிறுத்தாலும் அதே தப்பு. கடைக்காரர் வேண்டுமென்றே ஒட்டினாரா, தெரியாமல் ஒட்டிக்கொண்டதா என்பது வேறு விஷயம். எடை தவறு என்பதில் மாற்றமில்லை.

மருத்துவ ஆய்விலும் இப்படி முடிவை ஒரு பக்கமாக இழுத்துவிடும் குறைகள் இருக்கின்றன. இதைத்தான் சாய்வு என்கிறோம். இது பொய் சொல்வதல்ல. நேர்மையான மருத்துவர் நல்ல எண்ணத்தோடு செய்த ஆய்விலும் சாய்வு புகுந்துவிடும். ஆளைக் கூட்டினாலும் அது சரியாகாது. "பத்தாயிரம் பேரிடம் சோதித்தார்கள்" என்பது மட்டும் போதாது என்பதற்குக் காரணம் இதுதான். முதலில் தட்டின் அடியைப் பார்க்க வேண்டும்.

காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் பணியை 1993 முதல் செய்துவருகிறது. ஓர் ஆய்வில் சாய்வு புகக்கூடிய ஐந்து இடங்களை அதன் வழிமுறை பட்டியலிடுகிறது. அந்த ஐந்தையும் நம் பேச்சு வழக்கில் ஐந்து கேள்விகளாகத் தருகிறேன்.

முதல் கேள்வி: யாரை எந்தப் பிரிவில் சேர்த்தார்கள், எப்படி?

ஒரு மருந்து பலன் தருகிறதா என்று பார்க்க, மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட வேண்டும். அந்த இரு பிரிவினரும் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருந்தால்தான் ஒப்பீடு செல்லும்.

1930-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயர் பகுதியில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தால் வளர்ச்சி கூடுமா என்று பெரிய அளவில் சோதித்தார்கள். 10,000 பிள்ளைகளுக்குத் தினமும் பால். இன்னொரு 10,000 பிள்ளைகளுக்குப் பால் இல்லை. பிப்ரவரியில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை உயரமும் எடையும் பார்த்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்கியோ, பெயரின் அகர வரிசைப்படியோ பிரித்தார்கள். ஆனால் ஒரு பிரிவில் வசதியான பிள்ளைகளோ மெலிந்த பிள்ளைகளோ அதிகமாகிவிட்டதாகத் தெரிந்தால், ஆசிரியர்கள் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள்.

அங்கேதான் கோளாறு. மெலிந்த, ஏழைப் பிள்ளையைப் பார்த்த ஆசிரியருக்கு மனம் இளகியது. அந்தப் பிள்ளைக்குப் பால் கிடைக்கட்டும் என்று மாற்றிவிட்டார்கள். முடிவில் பால் கிடைக்காத பிரிவுப் பிள்ளைகள் தொடக்கத்திலேயே உயரமும் எடையும் கூடியவர்களாக இருந்தார்கள். எடை பார்த்ததும் உடுத்திய துணியோடுதான். குளிர்காலத்தில் வசதியான பிள்ளைகள் கனத்த உடுப்போடு நின்றார்கள். கோடையில் அது குறைந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைய அவ்வளவு துணி ஏது? அதனால் வசதியான பிள்ளைகள் எடை கூடியது குறைவாகவும், பால் குடித்த ஏழைப் பிள்ளைகள் கூடியது அதிகமாகவும் தெரிந்தது.

வில்லியம் காசெட் என்ற புள்ளியியல் அறிஞர் மறு ஆண்டே இந்தக் குறைகளை எடுத்துக்காட்டினார். 20,000 பிள்ளைகளுக்குப் பதில், உருவ ஒற்றுமையுள்ள 50 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஒழுங்காகச் செய்திருந்தால் இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்றார். ஆசிரியர்களின் இரக்கம் நல்ல குணம். ஆனால் அந்த இரக்கமே ஆய்வைக் கெடுத்தது.

இதற்கு மாற்று, யார் விருப்பமும் புகாத குலுக்கல். பிரிட்டனில் நடந்து 1948-இல் முடிவு வெளியான, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் அதைச் செய்தார்கள். மருந்து எல்லோருக்கும் போதாத காலம் அது. 107 நோயாளிகள். யாருக்கு ஊசி, யாருக்கு வழக்கமான படுக்கை ஓய்வு மட்டும் என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்த்த பிறகே உறையைப் பிரிக்கலாம். ஆறு மாதத்தில் ஊசி பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். ஆட்கள் குறைவு, ஆனால் தராசு நேராக இருந்ததால் விடையை நம்ப முடிந்தது.

குலுக்கல் இல்லாமல், தாங்களாகவே ஒன்றைச் சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிடும் ஆய்வுகளில் கூடுதல் கவனம் வேண்டும். காய், பழம் நிறையச் சாப்பிட்டு, பீட்டா கரோட்டின் சத்து உடம்பில் அதிகமுள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று முன்பு பல ஆய்வுகள் காட்டின. சரி, அந்தச் சத்தையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். 1994-இல் விடை வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! முன்பு கண்ட நன்மை அந்த ஒரு சத்தால் மட்டும் வந்ததல்ல என்பது புரிந்தது.

இரண்டாம் கேள்வி: எந்தச் சிகிச்சை கிடைத்தது என்று நோயாளிக்குத் தெரியுமா?

விலை கூடிய சிகிச்சை கிடைத்துவிட்டது என்று தெரிந்தாலே பாதி வலி போன மாதிரி இருக்கும். சிகிச்சை கிடைக்கவில்லை என்று தெரிந்தவர் வேறு மருந்தும் தேடிப் போவார். இரண்டுமே முடிவைத் திருப்பிவிடும்.

மூட்டுத் தேய்மான வலிக்குச் சிறு துளை வழியாகக் கருவியை விட்டு முழங்காலைச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை அமெரிக்காவில் லட்சக்கணக்கானோருக்கு நடந்துவந்தது. செய்துகொண்ட பலர் வலி குறைந்தது என்றே சொன்னார்கள். ஹூஸ்டன் நகரில் 180 நோயாளிகளை அவர்களின் சம்மதத்தோடு மூன்று பிரிவாக்கினார்கள். இரண்டு பிரிவினருக்கு உண்மையான சிகிச்சை. மூன்றாம் பிரிவினருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டு கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டபோது, வெறும் தையல் போட்டவர்களைவிட மற்றவர்களுக்கு வலி குறையவில்லை என்று தெரிந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது தேய்மான வலிக்குச் சுத்தம் செய்யும் சிகிச்சை பற்றியது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வேறு. அதை இதோடு குழப்பக் கூடாது.

மூன்றாம் கேள்வி: நடுவில் விலகியவர்கள் எங்கே?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு பேருக்கு ஒரு பொடி கொடுத்ததாக வையுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாமலும், பலன் தெரியாமலும் 40 பேர் நின்றுவிட்டார்கள். மிச்சம் 60 பேர். அவர்களில் 45 பேருக்குச் சர்க்கரை குறைந்தது. விளம்பரம் என்ன சொல்லும்? "நான்கில் மூன்று பேருக்குப் பலன்!" அறுபதில் 45 என்றால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் தொடங்கியது நூறு பேரோடு. நூற்றில் 45 பேருக்குப் பலன் தெரிந்தது, 40 பேர் என்ன ஆனார்கள் என்றே தெரியாது என்பதுதான் உண்மை நிலை.

மதரஸாவில் நூறு பிள்ளைகள் சேர்ந்து, கடினமாக இருக்கிறது என்று 40 பேர் நின்றுவிட்ட பிறகு, மீதிப் பேரின் தேர்ச்சியை மட்டும் சொன்னால் நாம் ஏற்போமா? தொடங்கியவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, விலகியவர் ஏன் விலகினார் என்று கேட்போம். மருந்துக்கும் அதே கேள்விதான்.

நான்காம் கேள்வி: பலனை அளந்தவர் யார்?

கனடாவில் நரம்புத் தண்டுவட நோய் ஒன்றுக்கான சிகிச்சையைச் சோதித்தார்கள். ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதித்தார்கள். ஒருவருக்கு நோயாளி பெற்ற சிகிச்சை என்னவென்று தெரியும். மற்றவருக்குத் தெரியாது. தெரிந்த மருத்துவர்கள் போட்ட மதிப்பெண்ணில் ஒரு பிரிவுக்குச் சிகிச்சை பலன் தருவதாகக் காட்டியது. தெரியாத மருத்துவர்கள் போட்ட மதிப்பெண்ணில் அப்படி எந்தப் பலனும் இல்லை. 1994-இல் வெளியான அலசல் இது. அதே நோயாளிகள், அதே படிப்பு படித்த மருத்துவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்பு கண்ணை இழுத்துவிட்டது.

ஆகவே வலி, நடமாட்டம், தோல் அரிப்பு போன்று பார்ப்பவர் மனதைப் பொறுத்து மாறக்கூடியவற்றில், அளப்பவருக்கு விவரம் தெரியாமல் இருப்பது மிக முக்கியம். இறப்பு போன்ற முடிவில் இந்தக் குறை அவ்வளவு பாதிக்காது. இறந்தவர் இறந்தவர்தான்.

ஐந்தாம் கேள்வி: கண்டதை எல்லாம் சொன்னார்களா?

அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி வேண்டும் என்றால் எல்லா ஆய்வுகளையும் அரசிடம் காட்ட வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் பற்றி அப்படிக் காட்டிய 74 ஆய்வுகளை எடுத்து, அவற்றில் எத்தனை மருத்துவ இதழ்களில் வெளிவந்தன என்று 2008-இல் ஒப்பிட்டார்கள். மருந்துக்குச் சாதகமான ஆய்வுகள் 38; அவற்றில் 37 வெளிவந்துவிட்டன. சாதகமில்லாதவை 36. அவற்றில் 22 வெளிவரவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகமான முடிவு போல எழுதப்பட்டு வெளிவந்தன. உள்ளபடியே வெளிவந்தவை மூன்றே மூன்று.

இதழ்களை மட்டும் படிக்கிற மருத்துவருக்கு ஏறக்குறைய எல்லா ஆய்வும் வெற்றி என்று தோன்றும். உண்மையில் வெற்றி பாதிதான். இதனால் அந்த மருந்துகள் வீண் என்று ஆகாது. அவற்றின் பலன் கூட்டிக் காட்டப்பட்டது என்பதே பொருள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது.

இந்தக் குறையைத் தடுக்கத்தான், ஆய்வைத் தொடங்கும் முன்பே எதை அளக்கப் போகிறோம் என்று பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. நம் நாட்டில் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளைத் தேடித் தரச் சொல்லுங்கள்.

பல ஆய்வுகளைக் கூட்டிச் சொன்னால்?

"ஒன்றல்ல, இருபது ஆய்வுகள் சொல்கின்றன" என்பார்கள். கோணல் தராசுகள் இருபது சேர்ந்தாலும் நேர் தராசு ஆகாது.

கொரோனா காலத்தில் ஐவர்மெக்டின் மாத்திரை பற்றிய பேச்சு எல்லோருக்கும் நினைவிருக்கும். புழு நீக்கவும் சொறி சிரங்குக்கும் நன்கு பயன்படும் மருந்து அது. கொரோனா மரணத்தை வெகுவாகக் குறைக்கிறது என்று எகிப்திலிருந்து ஓர் ஆய்வு 2020 இறுதியில் இணையத்தில் வந்தது. வேறு பல ஆய்வுகளோடு அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தவர்கள், மருந்து உயிர் காக்கிறது என்றார்கள். பிறகு அந்த எகிப்து ஆய்வின் விவரங்களைத் துருவியபோது, ஆய்வு தொடங்குமுன்பே இறந்த நோயாளிகள்கூடக் கணக்கில் இருப்பது போன்ற முரண்பாடுகள் வெளிப்பட்டன. 2021 ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. பிரேசிலில் 1,358 பேரிடம் குலுக்கல் முறையில் ஒழுங்காக நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையை அந்த மாத்திரை குறைக்கவில்லை என்று அது காட்டியது.

ஹதீஸ் கலையைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு செய்தி எத்தனை பேர் வாயில் உலவுகிறது என்பதோடு அந்த அறிஞர்கள் நிற்கவில்லை. யார் யாரிடம் கேட்டார், அவருடைய நினைவாற்றல் எப்படி, இடையில் யாராவது விடுபட்டார்களா என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். செய்தி நமக்குப் பிடித்திருக்கிறது என்பது அதற்குச் சான்றாகாது.

சேத்துப்பட்டில் பிறந்த நல்ல ஆய்வு

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சென்னையே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1950-களில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கி, நல்ல சாப்பாடும் ஓய்வும் எடுத்தால்தான் குணமாகும் என்பது பரவலான நம்பிக்கை. படுக்கைகளோ மிகக் குறைவு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், மறு பிரிவு தங்கள் வீட்டிலேயே. இரு பிரிவினருக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டு. குணமானதா என்பதைச் சளியில் கிருமி வளர்கிறதா என்ற சோதனைக்கூட முடிவை வைத்துப் பார்த்தார்கள்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் கவனிப்பும் அதிகம். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில் இருந்தார்கள். அப்படியிருந்தும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலக நாடுகளின் காசநோய் சிகிச்சை முறையையே மாற்றியது. படுக்கைக்காகக் காத்திருந்து மடிய வேண்டியதில்லை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்றானது.

மெலிந்தவர்களை எல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டு ஒப்பிட்டிருந்தால் விடை என்னவாகியிருக்கும்? லனார்க்ஷயர் கதைதான். ஏழைகள் மேல் உள்ள இரக்கம் குலுக்கலைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டதால், கடைசியில் அந்த ஏழைகளுக்கே பெரிய நன்மை கிடைத்தது.

நாம் செய்யக்கூடியது

நாம் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கலாம். "இது எதோடு ஒப்பிடப்பட்டது? யாருக்கு எது என்று குலுக்கலில் முடிவானதா? எத்தனை பேர் நடுவில் நின்றார்கள்? ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? இதைவிடக் குறைந்த செலவில் இதே பலன் தரும் சிகிச்சை உண்டா?" என்று கேளுங்கள். கம்பெனி பணம் கொடுத்தது என்பதாலேயே ஆய்வு பொய்யாகாது. ஆனால் தட்டின் அடியை இன்னொரு முறை பார்க்க அது போதுமான காரணம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். விற்பவர்தான் கோபப்படுவார்.

"என் மாமாவுக்குக் குணமானது" என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அதே மருந்து சாப்பிட்டுக் குணமாகாத பத்து மாமாக்கள் வாட்ஸ்அப்பில் பேசுவதில்லை.

எந்தச் செய்தியைப் படித்தாலும், இந்தக் கட்டுரை உட்பட, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மருத்துவ உதவிக்காக டிரஸ்டிடம் மக்கள் ஒப்படைக்கும் பணம் ஓர் அமானிதம். பெரிய செலவுள்ள, புதிய சிகிச்சைக்கு உதவி கேட்டு வருபவர்கள் மருத்துவரின் சீட்டோடு, மேலே சொன்ன கேள்விகளுக்கு அவர் தந்த பதிலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னால் நாங்களே எழுதிக்கொள்கிறோம். கேள்வி கேட்பதால் உதவி தாமதமாகாது. கேட்காமல் கட்டிய பணமும், கடந்துபோன காலமும் திரும்பி வருவதில்லை.